சாவு இல்லாவிட்டால் காணி யாருக்கு, கதிரை யாருக்கு? (விவாதப் போட்டிக்கு உதவி தேவை)

உவர்மலை_ரீச்சர்:

வணக்கம். இங்கே திருகோணமலையில் உயர்தர மாணவர்களின் விவாதக் குழு ஒன்றுக்கு வந்திருக்கும் தலைப்பு: "மனிதருக்குச் சாகாவரம் கிடைப்பது நன்று." இரண்டு பக்கமும் பேசப் பிள்ளைகள் தயார். ஆனால் பயிற்சியில் வாதம் ஓரிடத்திலேயே சுற்றுகிறது. ஒரு பக்கம் "அலுத்துப் போகும்" என்கிறது, மற்றப் பக்கம் "பிரிவு இல்லை" என்கிறது. அதற்கு மேல் நகரவில்லை.

எனக்கு வேண்டியது தரையில் கால் பதித்த தகவல். விஞ்ஞானம் இன்றைக்கு எதுவரை வந்திருக்கிறது? யாருமே சாகாவிட்டால் காணி, உத்தியோகம், பென்சன் எல்லாம் என்னவாகும், அதுவும் நம் கிழக்கின் சட்டத்தையும் வழக்கத்தையும் வைத்துப் பார்த்தால்? சனத்தொகை வெடித்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது கணக்கில் நிற்குமா? தனி மனிதர் இதை விரும்ப நல்ல காரணம் உண்டா? முதுமையைத் தடுக்கும் என்று சித்தர்கள் சொன்ன காயகற்ப மருந்து பற்றியும் ஒரு பிள்ளை விடாமல் கேட்கிறார். தெரிந்தவர்கள் விவரமாக எழுதினால் பெரிய உதவி.

---

சீனக்குடா_உயிரியல்:

ரீச்சர், விஞ்ஞானப் பகுதிக்கு மட்டும் நான் எழுதுகிறேன். காணி, பென்சன் தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள்.

ஆய்வுகூடங்களில் தேடப்படுவது முதுமையை நிறுத்தும் வழி. முதுமை நின்றாலும் சாவு நிற்காது. லொறி மோதும், கடல் கொண்டுபோகும், டெங்கு வரும். இதை எண்ணில் காட்டினால் பிள்ளைகளின் பேச்சு உடனே உறுதிப்படும். வயது ஏற ஏற இறக்கும் வாய்ப்பு கூட்டல் முறையில் அல்லாமல் பெருக்கல் முறையில் ஏறுகிறது என்று பெஞ்சமின் கொம்பேர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1825 இல் காட்டினார். இன்றைய தரவுகளில் அது ஏறத்தாழ 8 வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. 30 வயதில் வருடத்துக்கு ஆயிரத்தில் 1 என்று வைத்தால் 38 இல் 2, 46 இல் 4, 54 இல் 8, 62 இல் 16, 70 இல் 32, 78 இல் 64, 86 இல் 128, 94 இல் 256. நூறைத் தாண்டுவோர் ஏன் அவ்வளவு குறைவு என்பது இந்த ஏணியைப் பார்த்தாலே விளங்கும். ஆவணங்களால் உறுதிப்பட்ட அதிக ஆயுள் பிரான்ஸின் ஜான் கல்மோன் அம்மையாருடையது: 122 வருடமும் 164 நாளும். அவர் 1997 இல் இறந்தார்.

இப்போது ஒரு மருந்து வந்து அந்த 30 வயதின் "ஆயிரத்தில் 1" ஐ அப்படியே உறையவைக்கிறது என்று வையுங்கோ. சராசரி ஆயுள் 1,000 வருடம் ஆகிறது. ஆனால் பாதிப் பேர் 693 வருடத்துக்குள் போய்விடுவார்கள். திருமூலர் 3,000 வருடம் இருந்தார் என்று சொல்வார்களே, அந்த எல்லையைத் தொடப்போவது 20 பேரில் ஒருவர்தான். 2004 டிசம்பர் 26 போல ஒரு காலை இடையில் வந்தால் இந்தக் கணக்கும் பிழைத்துப்போகும். ஆகவே விவாதத்தில் "சாகாவரம்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் முதுமை இல்லாத, ஆனால் விபத்தில் சாகக்கூடிய வாழ்க்கையைத்தான் பேசுகிறோம் என்று பிள்ளைகள் முதலிலேயே அறிவித்துவிட வேண்டும்.

இன்னொரு கணக்கு பலருக்கும் நம்பக் கடினம். புற்றுநோய் முழுவதையும் ஒழித்தால் சராசரி ஆயுள் எவ்வளவு கூடும்? அமெரிக்கத் தரவுகளில் ஏறத்தாழ 3 வருடம்தான். புற்றுநோயிலிருந்து தப்பும் 75 வயதுக்காரருக்கு மாரடைப்போ பாரிசவாதமோ அடுத்த வாசலில் நிற்கிறது. நோயை ஒவ்வொன்றாகத் துரத்தி இந்த ஏணியை உடைக்க முடியாது. அடிப்படை முதுமையையே தொட வேண்டும் என்று ஆய்வாளர் சொல்வது இதனால்தான்.

அதைத் தொடுவது ஏன் கடினம்? உடம்பில் சில பாகங்கள் ஒருமுறைதான் செய்யப்படுகின்றன. பல்லின் எனாமலைச் செய்த கலங்கள் பல் முளைத்ததும் மறைந்துவிடும். அதன்பிறகு தேய்ந்தது தேய்ந்ததுதான். கண் வில்லையின் நடுவில் இருக்கும் புரதம் நாம் பிறப்பதற்கு முன்பே உருவானது. அது ஒருபோதும் மாற்றப்படாமல் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று ஒட்டிக் கலங்குவதுதான் கண்புரை. உட்காதின் மயிர்க்கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது. பெருநாடியை இழுபடவைக்கும் எலாஸ்டின் என்ற புரதம் பெரும்பாலும் சிறுவயதில் நெய்யப்பட்டது. அது நைந்து விறைக்கும்போது மேல் பிரஷர் ஏறுகிறது. இதயத் தசைக் கலங்கள் 25 வயதில் வருடத்துக்கு 1 சதவீதமளவு புதுப்பிக்கப்படுகின்றன, 75 வயதில் அதில் பாதியளவுதான். மூட்டு மாற்றுகிறோம், வில்லை மாற்றுகிறோம், சிறுநீரகம் மாற்றுகிறோம். மூளையை மாற்ற முடியாது. மாற்றினால் இருப்பவர் வேறொருவர்.

கலங்களை இளமைக்குத் திருப்பும் வழி உண்மையிலேயே உண்டு. ஷின்யா யமனாக்கா 2006 இல் 4 காரணிகளைக் கொண்டு சுண்டெலியின் முதிர்ந்த கலத்தைக் கருநிலைக் கலம் போல ஆக்கினார். 2012 இல் நோபல் பரிசு. ஆனால் உயிருள்ள எலிக்குள் அவற்றைத் தொடர்ந்து இயக்கினால் கலம் தன் வேலையையே மறந்து கட்டியாக வளர்கிறது. 2016 இல் ஒரு குழு வாரத்தில் 2 நாள் இயக்கி 5 நாள் நிறுத்தியது. முதுமை விரைந்து வரும் நோயுள்ள எலிகளின் ஆயுள் கூடியது. நலமான மனிதருக்கு அந்த அளவைத் தீர்மானிக்கும் கட்டத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. டெலோமியரை (கலம் பிரியப் பிரியக் குறுகும் நிறமூர்த்த முனையை) நீட்டும் நொதியிலும் இதே சிக்கல்தான்: பத்தில் ஒன்பதுக்குக் கிட்டிய புற்றுநோய்கள் அதே நொதியை இயக்கித்தான் சாகாமல் பெருகுகின்றன. ஒரு கலம் சாகாமல் இருப்பது உடம்புக்கு ஆபத்து.

மாத்திரை என்று கேட்டால் ரபமைசின். 2009 இல் 600 நாள் வயதான, அதாவது நடுவயது கடந்த சுண்டெலிகளுக்குக் கொடுத்ததில் அதிகபட்ச ஆயுள் பெண் எலிக்கு 14 சதவீதமும் ஆண் எலிக்கு 9 சதவீதமும் கூடியது. மனிதருக்கு அது சிறுநீரக மாற்றுக்குப் பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் மருந்து. வாய்ப்புண், காயம் ஆறத் தாமதம், இரத்தக் கொழுப்பு ஏறுவது எல்லாம் அதோடு வரும். இணையத்தில் வாங்கி விழுங்கும் சாமான் அல்ல.

காயகற்பம் கேட்ட பிள்ளைக்கு: நெல்லி, கடுக்காய், இஞ்சி போன்ற மூலிகை வகைகள் வேறு, பாதரசம் போன்ற உலோகங்கள் சேர்ந்த பற்பம், செந்தூரம் என்ற பொடிகள் வேறு. இரண்டாவது வகையில் பாதரசமும் ஈயமும் தங்கியிருந்தால் சிறுநீரகமும் நரம்பும் கெடும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டப்படிப்பே நடக்கிறது. பிள்ளையை அங்குள்ள விரிவுரையாளர் ஒருவரிடம் அனுப்புங்கோ, முறையாகச் சொல்வார்கள்.

---

உவர்மலை_ரீச்சர்:

மிக்க நன்றி. அந்த ஏணிக் கணக்கை நாளைக்கே கரும்பலகையில் போடுகிறேன். காணி விஷயம் யாராவது?

---

தம்பலகாமம்_உறுதி:

ரீச்சர், விவாதத்தில் மற்றவர் தொடாத பக்கம் இதுதான், பிள்ளைகளை இதில் நல்லாய்ப் பழக்குங்கோ. சாவு என்பது சட்டத்தில் ஒரு சாவி. இறப்புச் சான்றிதழ் ஒன்று வந்தவுடன் எத்தனை பூட்டுத் திறக்குது எண்டு பாருங்கோ: காணி பிள்ளைகளுக்குப் போகுது, வங்கிக் கணக்கு விடுபடுகுது, காப்புறுதி கிடைக்குது, துணைக்கு மறுமணம் செய்யும் உரிமை வருகுது, பதவி வெற்றிடமாகுது. இந்தச் சாவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் அதைத்தான் வருடக்கணக்காக அனுபவிக்கினம். இறந்தார் என்று எழுத மனம் இல்லை, எழுதாவிட்டால் காணி நகராது, கணக்குத் திறக்காது. அதற்காகத்தான் 2016 இல் "காணாமற்போனமைச் சான்றிதழ்" என்று தனி ஏற்பாடு கொண்டுவர வேண்டி வந்தது. இதைச் சொல்லும்போது பிள்ளைகள் மரியாதையோடு சொல்ல வேணும். சபையில் அந்தக் குடும்பத்தவர் இருக்கக்கூடும்.

இனிச் சட்டம். யாழ்ப்பாணத்துத் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் வட மாகாணத் தமிழருக்கு உரியது, எங்களுக்குப் பொதுச் சட்டம். மரண சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் 1876 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி பாதி துணைக்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. இந்த வரி முழுவதும் "இறந்தால்" என்ற சொல்லில் தொங்குது. 700 வயதில் அப்பா திடமாக இருந்தால் 670 வயது மகனுக்கு இந்த வழியில் ஒரு பேர்ச்சஸ் நிலம்கூட வராது.

அடுத்தது சீவிய உரித்து. இப்ப பெற்றோர் செய்வது என்ன? வீட்டை நன்கொடை உறுதியாகப் பிள்ளைக்கு எழுதி, தாங்கள் உள்ள காலம் வரை அதை அனுபவிக்கும் உரிமையை, அதாவது சீவிய உரித்தை, தங்களுக்கு வைக்கினம். நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் போதும். பெற்றோருக்குப் பாதுகாப்பு, பிள்ளைக்கு நிச்சயம். அருமையான ஏற்பாடு. ஆனால் சீவியம் முடியாவிட்டால்? பிள்ளையின் கையில் உறுதி இருக்கும், குடியிருக்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. அந்தக் காணியை வாங்க ஒருத்தரும் வரமாட்டினம், அதை நம்பிக் கடன் தர வங்கியும் முன்வராது. இன்றைக்கு இருக்கிற சீவிய உரித்து உறுதிகள் அத்தனையும் அந்த மருந்து வந்த அன்றே பூட்டிப்போகும். மருந்துக்கு முன்னமே ஒரு திருத்தச் சட்டம் வர வேணும்: சீவிய உரித்து என்றால் ஆகக்கூடியது இத்தனை வருடம் எண்டு.

கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டக் காணிகளில் சிக்கல் இன்னும் கூட. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிட்காரர் (அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் பெற்றவர்) தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளர் ஒருவரைப் பெயர் குறிப்பார். வயலைக் கண்டபடி துண்டாட ஏலாது. மூத்த ஆணுக்கு முதலிடம் என்ற பழைய ஒழுங்கை 2022 இல் திருத்தி ஆண் பெண் சமம் ஆக்கினார்கள். நல்ல திருத்தம்தான். ஆனால் பேர்மிட்காரர் சாகாவிட்டால் அந்தப் பெயர் பத்திரத்திலேயே கிடக்கும், மகனென்ன மகளென்ன.

இப்ப மறுபக்கம். கிழக்கில் ஒரு வழக்கம் இருக்கு, அதைப் பிள்ளைகள் பெருமையாகச் சொல்லலாம். இங்கே வீடு சாவோடு கைமாறுவதில்லை, கலியாணத்தோடு கைமாறுது. மகளுக்கு வீடு எழுதி, பெற்றோர் வளவுக்குள்ளேயே சின்ன வீடு ஒன்றைப் போட்டு ஒதுங்குவினம். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. சாவை எதிர்பார்க்காமல் சொத்து நகரும் முறை உலகத்துக்குத் தேவைப்பட்டால் அதன் வேர் நம் தெருவில் இருக்கு. இதில் பிழைக்கிற இடமும் உண்டு: காணி முடிந்தால் முறை நின்றுவிடும், வீடு கட்டிக் கொடுக்கிற சுமை பெண்ணின் சகோதரர் தலையில் விழும், ஆண்பிள்ளைக்குச் சொந்தக் கூரை பிந்தும். சாகாத சமூகத்தில் எத்தனையாவது மகளுக்கு வளவு முடியும் என்று கேள்வி வரும். எதிரணி கேட்கும், தயாராக இருக்கட்டும்.

1972 இல் ஒரு சட்டம் வந்தது, பிதிகமிசம் ஒழிப்பு. செத்தவர் தன் காணியைத் தலைமுறை தலைமுறையாக விற்க முடியாமல் கட்டிப்போடும் பழைய முறையை அது நிறுத்தியது. செத்தவரின் கையையே காணியிலிருந்து எடுக்க ஒரு சட்டம் தேவைப்பட்டதென்றால், சாகாதவரின் கையை எடுக்க எவ்வளவு உறுதியான சட்டம் வேணும் என்று யோசியுங்கோ.

---

கிண்ணியா_நானா:

மேலே எழுதிய அண்ணை சொன்னது தமிழருக்குச் சரி. முஸ்லிம்களுக்குச் சட்டம் வேறு என்பதையும் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும், அரங்கில் நம் பிள்ளைகளும் இருப்பார்கள். 1931 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாரிசுப் பங்குகள் ஷரீஅத் ஒழுங்கில் போகும், மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. அந்தப் பங்குகள் மௌத்துக்கு, அதாவது இறப்புக்குப் பிறகே பிறக்கின்றன. உயிரோடு இருப்பவரின் சொத்தில் வாரிசு பங்கு கேட்க முடியாது. ஆகவே யாரும் மௌத்தாகாவிட்டால் வாரிசுரிமை முழுவதும் செயலற்றுப்போய், ஹிபா எனும் வாழ்நாள் நன்கொடை ஒன்றே மிஞ்சும். அதில் பெறுபவர் சொத்தைக் கையேற்பதும் இருக்க வேண்டும், சும்மா பேச்சு போதாது. கிழக்கில் நம் ஆட்களும் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிவைக்கிறார்கள் என்பதால் நடைமுறை இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

விசுவாசிக்கு இந்த உலகத்தில் நிலைத்து வாழ்வது நோக்கமே அல்ல என்ற வாதமும் வரும். அதை மத நிலைப்பாடாக மதித்துக் கேட்டுவிட்டு, சட்டக் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லப் பழக்குங்கள்.

---

மூதூர்_கணக்கு:

சனத்தொகையும் பென்சனும் என் பக்கம். ரீச்சர், இரண்டிலும் பொதுவாகச் சொல்வது பிழை. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு தெருவில் 100 தம்பதிகள், 200 பேர். யாரும் சாவதில்லை. ஒரு தலைமுறை 30 வருடம். 300 வருடத்தில், அதாவது 10 தலைமுறைக்குப் பிறகு, எத்தனை பேர்? தம்பதிக்கு 3 பிள்ளை என்றால் 34,000 ஐத் தாண்டும். இதுதான் எல்லோரும் பயப்படும் வெடிப்பு. ஆனால் 2 பிள்ளை என்றால் தலைமுறைக்கு 200 பேர் மட்டும் கூடி 2,200. ஒரே பிள்ளை என்றால் 200, 100, 50, 25 என்று சேர்ந்து எத்தனை ஆயிரம் வருடம் போனாலும் 400 ஐத் தாண்டாது. சாவே இல்லாமல், சனத்தொகை இரண்டு மடங்கில் நிற்கிறது! இலங்கையில் பிறப்புகள் அண்மைய வருடங்களில் வேகமாகக் குறைந்து வருவதைப் பார்த்தால் வெடிப்பு வாதம் எதிரணிக்குப் பலமான ஆயுதம் அல்ல.

பலமான ஆயுதம் அதே கணக்குக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு பிள்ளை வழியில் போன அந்த 400 பேர் தெருவில் 8 ஆம் தலைமுறை வரும்போது புதிதாகப் பிறப்பது ஒருவர்கூட இல்லை. பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. வாக்காளரில் ஏறத்தாழ அத்தனை பேரும் நூறு வயதைக் கடந்தவர்கள். புதிதாக ஒன்றைக் கேட்க, "ஏன் இப்படி?" என்று முரண்பட ஆளில்லை. 452 முன்னணி உயிர்மருத்துவ விஞ்ஞானிகளின் அகால மரணத்தை அசூலே என்ற ஆய்வாளரின் குழு ஆராய்ந்து 2019 இல் வெளியிட்டது. அவர்கள் இறந்த பின் அந்தத் துறைக்குள் வெளியாட்களின் ஆய்வுகள் கூடின, அவற்றில் பல அதிகம் மேற்கோள் காட்டப்பட்டன. இருந்தவர்கள் தீயவர்கள் அல்ல. அவர்கள் இருந்ததே மற்றவர்களைத் தள்ளி நிற்கவைத்தது. இதை எதிரணி பிடிக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தைப் பெண் பிள்ளைகள் எழுப்ப வேண்டும். பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 இலட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது, பூப்படையும்போது 3, 4 இலட்சம், மாதவிடாய் நிற்கும்போது ஆயிரமளவு. புதிதாக உண்டாவதில்லை. முதுமையை நிறுத்தும் மருந்து இதைத் தொடாவிட்டால் பெண்ணுக்கு 1,000 வருட வாழ்வில் முதல் 50 வருடம் மட்டுமே தாயாகும் காலம், ஆணுக்கு முழு வாழ்வும். 400 வருட வயது வித்தியாசத்தில் சகோதரர்கள் வருவார்கள், அதுவும் தகப்பன் வழியில் மட்டும். குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை இது தலைகீழாக்கும்.

இனிப் பென்சன். மாதம் 50,000 ரூபா, வருடத்துக்கு 6 இலட்சம் வேண்டும். விலைவாசியைக் கழித்த வட்டி 3 சதவீதம் என்று கொள்வோம். ஓய்வுக்குப் பின் 20 வருடம் வாழ்பவருக்குக் கையில் இருக்க வேண்டிய முதல் ஏறத்தாழ 89 இலட்சம். முடிவே இல்லாமல் வாழ்பவருக்கு? 6 இலட்சத்தை 0.03 ஆல் வகுங்கள்: 2 கோடி. இரண்டே கால் மடங்குதான்! 40 வருடம் சேமித்து 89 இலட்சம் ஆக்குபவர் அதே தொகையை 61 வருடம் சேமித்தால் 2 கோடி வந்துவிடும். 21 வருட வேலைக்கு ஈடாக நித்திய ஓய்வு. கேட்க மிக நன்றாக இருக்கிறது, விரும்பும் அணி இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

எங்கே உடைகிறது? வட்டி என்பது யாரோ ஒருவர் வேலை செய்து தரும் பணம். எல்லோரும் 61 வருடத்தில் ஓய்ந்து, பிறப்பும் குறைந்தால் நெல் வெட்டுவது யார், கடன் வாங்கித் தொழில் தொடங்குவது யார்? அந்த 3 சதவீதம் நிற்காது. அதோடு விலைவாசி. 2022 செப்டெம்பரில் இலங்கையில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது நினைவிருக்கும். 1,000 வருடம் வாழ்பவர் அப்படி எத்தனை வருடங்களைத் தாண்ட வேண்டும்? ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளியின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேர்ந்து ஆண்களுக்கு 55 இல், பெண்களுக்கு 50 இல் மொத்தமாகக் கைக்கு வருகிறது. அந்த மொத்தத் தொகை 20, 25 வருடத்தை மனதில் வைத்தது. அரச பென்சன் திறைசேரியின் அன்றைய வருமானத்திலிருந்து போகிறது; பென்சன்காரர் பட்டியல் ஒருபோதும் குறையாது என்றால் அது முதல் நூற்றாண்டைக்கூடத் தாண்டாது.

செல்வம் குவிவதையும் ஒரு வரியில் காட்டலாம். இன்று ஒரு இலட்சத்தை 3 சதவீத உண்மை வட்டியில் தொடாமல் விட்டால் 300 வருடத்தில் ஏறத்தாழ 71 கோடி. முந்திப் பிறந்தவரைப் பிந்திப் பிறந்தவர் எந்த உழைப்பாலும் எட்ட முடியாது. இன்று சாவும் பாகப்பிரிவினையும் சேர்ந்து அந்தக் குவியலை உடைக்கின்றன.

---

குச்சவெளி_கரைவலை:

ஒரு சின்னச் சேர்க்கை. கரைவலைப் பாட்டை (கரையிலிருந்து வலை வளைத்து இழுக்கும் இடத்தை) பிள்ளைகளுக்குக் காட்டுங்கோ ரீச்சர், புத்தகத்தை விட நல்லாய் விளங்கும். ஒரு பாட்டில் ஒரே நேரத்தில் ஒரு வலைதான் வளைக்கலாம். வலைகள் முறைபோட்டு இறங்கும். புது வலை ஒன்று சேர்ந்தால் கரை நீளாது, ஒவ்வொருத்தரின் முறையும் பிந்தும். பழைய சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்) ஒருத்தரும் விலகாமல் புதியவரும் சேர்ந்துகொண்டே போனால் சோளகக் காலம் (தென்மேற்குக் காற்றுக் காலம்) முழுவதுக்கும் ஒரு முறை வருவதே பெரிய விஷயமாகும். பழையவர்கள் சேர்ந்து "இனிப் புது வலை இல்லை" எண்டு பூட்டினால் இளையவர் அத்தனை பேரும் கூலிக்கு வலை இழுக்க வேண்டியதுதான், அதுவும் நித்தியத்துக்கும்.

அடுத்தது ஆபத்தான தொழில். 40 வருட வாழ்வு மிச்சம் இருக்கிறவர் கடலில் எடுக்கும் துணிவும் 900 வருடம் மிச்சம் இருக்கிறவர் எடுக்கும் துணிவும் ஒன்றா? வாடைக் காலத்தில் யார் படகு இறக்குவார்? சங்கு குளிக்க யார் இறங்குவார்? இந்த வேலைகள் நின்றுபோகும், அல்லது மருந்து வாங்க வசதியில்லாதவன் தலையில் விழும். மருந்து எல்லாருக்கும் ஒரே நாளில் கிடைக்குமா என்பதைத்தான் முதலில் கேட்க வேணும்.

---

பாலையூற்று_வாசகி:

எல்லோரும் ஊர்ப் பக்கத்தைச் சொல்லிவிட்டீர்கள். தனி மனிதர் ஏன் விரும்ப வேண்டும் என்ற கேள்வி மிச்சம், எனக்கு அதுதான் மிக முக்கியம்.

நம் கதைகளிலேயே மூன்று விதமான வரம் இருக்கிறது, மூன்றும் ஒன்றல்ல. மார்க்கண்டேயருக்கு என்றும் பதினாறு: உடம்பு தளராத வாழ்வு. அசுவத்தாமனுக்கு ஆறாத புண்ணோடு அலையும் தண்டனை: சாக விரும்பினாலும் முடியாத வாழ்வு. பீஷ்மருக்கு விரும்பும்போது சாகும் வரம். உடம்பு கெடாமல், விரும்பினால் விடைபெறலாம் என்ற ஏற்பாட்டையே விரும்பும் அணி கேட்க வேண்டும். அசுவத்தாமனின் நிலையை யாரும் கேட்கப்போவதில்லை. அதை எதிர்த்து வாதாடிக் காலத்தை வீணாக்க எதிரணிக்கும் தேவையில்லை.

அலுப்பு வாதத்தைக் கூர்மையாக வைத்தவர் பெர்னாட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி. நீண்ட வாழ்வு எனக்கு வேண்டுமானால் இரண்டு நிறைவேற வேண்டும் என்றார்: வாழப்போவது நானாகவே இருக்க வேண்டும், அந்த வாழ்வு இன்றைய என் விருப்பங்களுக்கு அர்த்தமுள்ளதாக இருக்க வேண்டும். குணமும் விருப்பமும் மாறாவிட்டால் ஒருநாள் எல்லாம் தீர்ந்து அலுக்கும். மாறிக்கொண்டே போனால் 800 ஆம் வருடத்தில் இருப்பவர் நான்தானா?

இதற்குப் பதில் உண்டு. ஏழு வயதுப் பிள்ளையின் ஆசைகளில் எழுபதில் எதுவும் மிஞ்சுவதில்லை, ஆனாலும் அந்தப் பிள்ளை செத்துவிட்டது என்று யாரும் அழுவதில்லை. மாற்றம் மெல்ல, ஒன்றிலிருந்து ஒன்றாக வந்தால் அது வளர்ச்சி. அதோடு, தீர்ந்துபோகும் ஆசைகளும் தீராத ஆசைகளும் உண்டு. ஒரு பட்டம் எடுத்தால் அந்த ஆசை முடிந்தது. நல்ல இசை கேட்பது, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, கோணேசர் மலையிலிருந்து கடலைப் பார்ப்பது முடிவதில்லை. அவை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பசிக்கின்றன.

என்னைப் பொறுத்தவரை மிகப் பலமான காரணம் வீணாகும் அறிவு. ஒரு விசேட வைத்திய நிபுணர் எப்படி உருவாகிறார்? உயர்தரம் முடிய 19, 20 வயது. மருத்துவ பீடம் 5 வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம், பிறகு பட்டப்பின் படிப்பு, வெளிநாட்டுப் பயிற்சி. முழுதாகத் தேறும்போது நாற்பதை நெருங்குகிறார். அறுபதுகளில் ஓய்வு. 35 வருடத்துக்கு மேல் செதுக்கி, 25 வருடம் பயன்படுத்தி, அனுபவம் உச்சத்தில் இருக்கும்போது இழக்கிறோம். வயலின் வித்துவானுக்கும் இதே கதி, தச்சருக்கும் இதே கதி. ஒரு மனிதருக்குள் சேர்ந்த அத்தனையும் ஒரு மாலையில் அழிவதை இயற்கை என்று ஏற்கப் பழகிவிட்டோம். பழகியதால் அது நல்லதாகிவிடாது. ஒரு தாய் தன் பிள்ளைக்கு நூறாண்டு வாழ்வு கேட்டு வணங்கும்போது நூற்றொன்றாம் ஆண்டு வேண்டாம் என்று அவள் நினைப்பதில்லை.

பீஷ்மரிடம் ஒரு நிபந்தனை இருந்ததையும் பிள்ளைகள் கவனிக்கட்டும். அந்த வரம் அவருக்குக் கிடைத்தது அரியணையையும் திருமணத்தையும் விட்டுக்கொடுத்த பிறகுதான். நீண்டு வாழ்பவர் கதிரையையும் வாரிசையும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்று கதையைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மேலே காணி பற்றியும் கரைவலை பற்றியும் எழுதிய அண்ணைமார் சொன்னதும் இதுவே. இங்கே உச்ச நீதிமன்ற நீதியரசர்கள் 65 வயதில் விலக வேண்டும், அரச உத்தியோகத்தர் 60 இல். ஜனாதிபதிக்கு இரண்டு தவணை என்ற எல்லையை 2010 இல் எடுத்து 2015 இல் திருப்பி வைத்தார்கள். பாராளுமன்ற உறுப்பினருக்கு அந்த எல்லையே கிடையாது, இன்றுவரை அந்த வேலையை முதுமையும் வாக்காளரும் பார்த்து வருகிறார்கள். விரும்பும் அணி வரத்தை மட்டும் கேட்டால் தோற்கும். பதவிக்கு இத்தனை வருடம், காணிக்கு இத்தனை வருடம், பிறகு கட்டாயம் கைமாற்றம் என்ற நிபந்தனையோடு கேட்டால் எதிரணி திணறும்.

---

உவர்மலை_ரீச்சர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தலைப்பை நிபந்தனைகளோடு மாற்றி எழுத ஏற்பாட்டாளர்கள் சம்மதிப்பார்கள் என்று நினைக்கிறேன். எப்படி எழுதலாம்? பிள்ளைகளுக்கு ஆளுக்கு 4 நிமிடம்தான்.

---

மூதூர்_கணக்கு:

ரீச்சர், இப்படி எழுதிப் பாருங்கள்: "முதுமையை நிறுத்தும் மருந்து எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தால், பதவிக்கும் சீவிய உரித்துக்கும் கால எல்லை விதித்து இலங்கை அதை ஏற்க வேண்டும்." இதில் மருந்து யாருக்கு என்ற சண்டையும், சாகவே முடியாத நிலை பற்றிய சண்டையும் வெளியே போய்விடும். மிச்சம் இருப்பது உண்மையான சண்டை: அந்தக் கால எல்லையை யார் விதிப்பார், சாகாத பாராளுமன்றம் தனக்கே விதிக்குமா?

4 நிமிடத்தில் ஏணிக் கணக்குக்கு ஒரு நிமிடம் கொடுங்கள், தெருக் கணக்குக்கு ஒரு நிமிடம். எண்களைப் பலகையில் எழுத அனுமதி கேளுங்கள், வாயால் சொன்னால் சபைக்குப் பிடிபடாது. நடுவர் பென்சன் கணக்கை மடக்கினால் தடுமாறாமல் இருக்க, 3 க்குப் பதில் 1 சதவீதம் வைத்தும் பிள்ளைகள் செய்து வைத்திருக்கட்டும்: 20 வருடத்துக்கு 1 கோடி 8 இலட்சம், முடிவில்லாத வாழ்வுக்கு 6 கோடி.